ஏலக்காய்ச் சூட்டில் கிதார்

1948 ஜூலை 12, திங்கள். காலையில் கடையைத் திறந்து தராசைத் துடைத்தேன்; பிறகு ஏலக்காய் மூட்டையைப் பிரித்தேன். அந்த வாசனையோடு, இப்போது இடிந்துபோன எங்கள் போடி வீட்டின் சூட்டறை நினைவுக்கு வந்தது. அங்கே தாத்தா பச்சை ஏலக்காயை அடுக்குத் தட்டுகளில் பரப்பி விறகுச் சூட்டில் காயவைப்பார். பக்கத்து அறையில் அவர் மகள் எஸ்தர் அத்தை, தானே மெட்டமைத்த பாட்டுகளைச் சர்ச் பிள்ளைகளுக்குக் கிதாரில் சொல்லிக்கொடுப்பார். சாரல் காலத்தில் ஈரம் கோத்து அதில் சுருதி நிற்காது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நெருங்கிய ஒரு நாள் அத்தை அதற்காக வருந்தியதைத் தாத்தா பார்த்துவிட்டார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? காய் காயிற எடத்துல ஒம் பொட்டி காயாதா ஆத்தா? காலைல கணீர்னு பேசும் பாரு" என்று கிதாரைத் தட்டின்மேல் படுக்கவைத்தார்.

காலையில் பசை விட்டு, முகப்புப் பலகை நீளமாகப் பிளந்திருந்தது. இன்னொன்று வேண்டுமென்றால் கப்பலில்தான் வரவேண்டும். அத்தை பிளவைத் தடவிப் பார்த்துவிட்டு, "காய் நல்லாக் காஞ்சிருச்சாய்யா?" என்று மட்டும் தாத்தாவிடம் கேட்டார்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், தனக்கு விரல் வலி, இனி வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.