முதல் மூன்று வரிசை

இலையைக் கவிழ்த்து, வெள்ளைத் தாளின்மேல் இரண்டு தட்டுத் தட்டுகிறார். பிறகுதான் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்கிறார். உரக்கடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கழுத்தில் ஷூ நாடாவில் தொங்கும் பூதக்கண்ணாடியே அவருக்குப் பெயராகிவிட்டது.

ஒற்றை இலையோடு வருகிறவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். "நகத்தை வெட்டி எடுத்துட்டு வந்து காய்ச்சலான்னு கேப்பியா? செடியை வேரோட கொண்டா."

தக்காளி வாடுகிறது என்றால், "காலையில நிமிர்ந்து நிக்குதில்ல? அப்ப வெயிலுக்குத் தலை குனியுது. தண்ணியைக் கொட்டி மூழ்கடிக்காதே" என்பார். பாதிப் பேர் மருந்து வாங்காமலே திரும்புவார்கள். கடை முதலாளி அவருடைய தங்கை வீட்டுக்காரர். "மச்சான், இது கடையா, இலவச ஆஸ்பத்திரியா?" என்று பல்லைக் கடிப்பார்.

போன செவ்வாயன்று கணவனும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். கணவர் முதுகில் மருந்தடிக்கும் டேங்க். மனைவி கையில் வேரோடு தக்காளிச் செடி; இலைகள் நூலாகச் சுருங்கி முறுக்கிக்கொண்டிருந்தன.

"வைரஸ்னு பக்கத்துத் தோட்டத்துல சொல்லிட்டாங்கண்ணே. முந்நூறு செடியையும் இன்னிக்கே பிடுங்கணுமாம். பூ வெச்சிருக்கு, கை வரமாட்டேங்குது."

பூதக்கண்ணாடி செடியைக் கவிழ்த்துத் தட்டினார். தாளில் ஒரு பூச்சியும் விழவில்லை.

"எல்லாச் செடியும் இப்படியா?"

"முதல் மூணு வரிசைதான்."

"கடைசியா என்ன அடிச்சீங்க?"

"பூச்சிமருந்து. இவருதான் அடிச்சாரு."

கணவருக்குப் பின்னால் போய், டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். களைக்கொல்லி வாடை. பூச்சிமருந்துக்கு முன் அதே டேங்கில்தான் கணவர் வரப்பில் அதை அடித்திருக்கிறார். கழுவாத டேங்கில் ஒட்டியிருந்தது முதல் மூன்று வரிசைக்குப் போய்விட்டது.

"பிடுங்காதேம்மா. நோய் இல்ல, களைமருந்து பட்டிருக்கு. மத்த வரிசைக்கு ஒண்ணும் ஆகாது. இந்த மூணுல புதுத் துளிர் நேரா வருதான்னு பத்து நாள் பாரு."

மனைவி மூச்சு விட்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "கழுவலியா நீங்க?"

"நான்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றார் பூதக்கண்ணாடி. "வயசாகுதில்ல."

கணவர் களைக்கொல்லி வாங்கிப்போன அன்று நானும் கடையில் இருந்தேன். "சோப்புப் போட்டு மூணு தரம் கழுவு" என்று பூதக்கண்ணாடி தெருவரை வந்து கத்தினார்.

"நல்லா மறந்தீங்க போங்க! முந்நூறு உசுரு போயிருக்கும்" என்றார் மனைவி.

கணவருக்குக் காது சிவந்தது. "அண்ணே, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

பூதக்கண்ணாடி டேங்க் மூடியை வைத்து அழுத்தித் திருகினார்.