ஓடைக்கரை மனை

சுப்பாத்தாளுக்கு வாய் நீளம் என்று வடகரப்பதியில் எல்லோரும் சொல்வார்கள். சும்மா சொல்லவில்லை. பண்ணைக்காரரின் மாட்டுச் சாளைக் கொட்டகையில் ஒரு மூலையில் குடித்தனம் நடத்திக்கொண்டே, அவரிடமே கூலிக்காகச் சண்டை பிடிப்பவள். அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது: யாரும் "எந்திரிச்சுப் போ" என்று சொல்ல முடியாத ஒரு வீடு.

ஓடைக்கரைப் புறம்போக்கை மனைகளாகப் பிரித்துக் கூலிக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று தாலுகா போர்டில் பேச்சு எழுந்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அளக்குமுன்பே தன் மனையைப் பிடித்துவிட்டாள். புங்க மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி, "இது என்ற அடுப்பு" என்று அறிவித்தாள். ராக்கப்பன் வேலைக்குப் போயிருந்த ஒருநாள், தீ மூட்டிக் கஞ்சியும் காய்ச்சிப் பார்த்தாள்.

ராக்கப்பன் அவள் புருஷன். அவன் மட்டும் இதற்கு முகம் கொடுக்கவில்லை. "மேட்டுப் பக்கமா வேற எடம் பாக்கலாம் புள்ள" என்று முனகுவான். "மேட்டுல உங்கய்யன் மனை வெச்சிருக்காருங்களா?" என்று வாயை அடைத்துவிடுவாள். சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டாள். பாவி மகளுக்கு என்ன தெரியும்!

முப்பத்திரண்டாம் வருஷம் மாசியில், பாலக்காட்டிலிருந்து போர்டு பிரசிடெண்ட் மெம்பர்களோடு வந்து இறங்கினார். ஊர் கூடி நிற்க, சங்கிலி போட்டு அளந்தார்கள். மழைக்குத் தண்ணீர் மேலே ஏறுமா என்று கேட்டதற்கு, ஆண்களை முந்திக்கொண்டு சுப்பாத்தாளே பதில் சொன்னாள். "ஏறாதுங்க சாமி. அந்தப் பாறையத் தாண்டாதுங்க."

கடைசியாகப் பிரசிடெண்ட் கேட்டார். "இங்கே எப்பவாவது யாரையாவது பொதச்சதுண்டா? இருந்தா இப்பவே சொல்லிடுங்கோ. பொதச்ச எடத்திலே குடியிருக்க போர்டு சம்மதிக்காது."

சுப்பாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுடுகாடு அக்கட்ட கெடக்குதுங்க. இது ஆடு மேயற எடமுங்க!"

"இருக்குதுங்க," என்றான் ராக்கப்பன்.

அவன் நடந்துபோய் அந்த மூன்று கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். "என்ற பொண்ணு இங்கதானுங்க."

சுப்பாத்தாள் பெற்றது அந்த ஒன்றைத்தான். பேர் வைக்குமுன்பே போய்விட்டது. செத்த பச்சைக் குழந்தையைத் தகப்பன்தான் துணியில் சுற்றி எடுத்துப்போவான். எங்கே என்று தாய்க்குச் சொல்லமாட்டான். அவள் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள் என்று பயம். அது அந்தச் சனங்களின் வழக்கம். எதையும் கேட்காமல் விடாத சுப்பாத்தாள் இது ஒன்றை மட்டும் கேட்டதே இல்லை.

அடுத்து நடந்ததைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. மனைக்காக வந்திருந்த இன்னொரு கூலிக்காரன் பிச்சைமணி கூட்டத்தை விட்டு நகர்ந்து ஓர் எருக்கஞ்செடியருகே போய் நின்றான். பின்னாலேயே இன்னொருவன். தன் பிள்ளை ஒன்றுதான் அங்கே கிடக்கிறது என்று ஒவ்வொருவனும் நினைத்திருந்தான் போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். பொன்னாத்தாளின் புருஷன் ஓரிடத்தில் நின்றான். பிறகு நகர்ந்து இன்னோரிடத்திலும் நின்றான். பொன்னாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

பிரசிடெண்ட் சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். மனை போயிற்று. அதற்காக ஊரில் ஒருத்தரும் ராக்கப்பனைக் குறை சொல்லவில்லை.

சுப்பாத்தாள் மெதுவாகப் புருஷன் அருகில் வந்தாள்.

"தல எந்தப் பக்கமுங்க?"

ராக்கப்பன் கரி பிடித்த அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் மண்டியிட்டு, வெறுங்கையால் சாம்பலை வாரத் தொடங்கினாள்.