ஏழாம் நாற்காலியைக் கொடுத்தவர்

கையுறைத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் ஓட்டை தேடியவள் நான். கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, விரல் நுனியில் ஒரு சொட்டாவது துளிர்க்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது, நாற்பத்தொரு வயதில், மென்பொருள் சோதனை கற்றுக்கொள்ளப் போனேன். வகுப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் என் மகள் வயதுதான். எல்லோரும் அக்கா என்றார்கள். ஒரு பெண் மட்டும் ஆண்ட்டி என்றாள். அவளிடம் நான் கடைசிவரை பேனா கூட இரவல் வாங்கவில்லை.

பாடம் எனக்குக் கடினமாகத் தெரியவில்லை. முப்பது பேருக்குத்தான் இடம் என்றால் முப்பதைப் போட்டுப் பார், அதோடு இருபத்தொன்பதையும் முப்பத்தொன்றையும் போட்டுப் பார். பிழை பெரும்பாலும் எல்லையில்தான் குந்தியிருக்கும். ஒரே வகை ஆட்கள் நூறு பேர் இருந்தால் அந்த வகைக்கு ஒருவரைச் சோதித்தால் போதும். நிபந்தனை நிறைய இருந்தால் அட்டவணை போடு. கடைசி வாரம் இன்னொன்று சொன்னார்கள். எந்தச் செயலையும் தனியாக மட்டும் பார்க்காதே. அது முடிந்த நிலையில் அடுத்ததைச் செய், அதன்மேல் இன்னொன்றைச் செய். அன்றைக்கு நான் தலையை ஆட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு.

ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். கையில் வந்த முதல் பெரிய வேலை ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கான மென்பொருள். எந்த நோயாளி எந்த நாள், எந்த நாற்காலியில் என்று பட்டியல் போடுவது அது. அந்த நிலையத்தை எனக்கு நன்றாகத் தெரியும். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் மூடியபோது என்னோடு ஈப்போவுக்கு வந்த என் அண்ணனுக்கு அங்கேதான் ரத்தம் சுத்தம் செய்தார்கள். செவ்வாய், வியாழன், சனி. ஏழாம் நாற்காலி.

திங்கள், புதன், வெள்ளியில் அதே நாற்காலி ஒரு சீன அங்கிளுக்கு. சிம்பாங் பூலாயில் தனியாக இருப்பவர். ஒரு காலத்தில் தோட்டங்களுக்கு லோரி ஓட்டியதால் தமிழ் பேசுவார். தீபாவளி அண்ணனுடைய நாளில் விழுந்தால் அங்கிள் தன் நாளைக் கொடுப்பார். சீனப் புத்தாண்டு அவர் நாளில் விழுந்தால் அண்ணன் கொடுப்பார். அந்த நிலையத்தில் பாதிப் பேர் இப்படித்தான் பண்டிகைக்குப் பண்டிகை மாற்றிக்கொள்வார்கள். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அதைப் பென்சிலால் எழுதிக்கொள்வார்.

எங்கள் மென்பொருளில் அந்தப் பென்சிலுக்கு இடம் இல்லை. நான்தான் சண்டை போட்டு வைக்கச் சொன்னேன். புரோகிராம் எழுதிய தம்பி, வாடிக்கையாளர் கொடுத்த தாளில் அது இல்லையே என்றான். தாளில் இல்லாவிட்டால் என்ன, மனிதர்களிடம் இருக்கிறதே என்றேன். வசதி வந்தது. நானே சோதித்தேன். இருவர் நாளை மாற்றினேன். நாள் கேட்டவரின் பெயர் புதிய நாளில் வந்து உட்கார்ந்தது. பாஸ் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த வருடம் தீபாவளி வியாழக்கிழமை. அங்கிள் புதன்கிழமையை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு வியாழனை எடுத்துக்கொண்டார். புதன் காலை லீவு போட்டு அண்ணனை நான்தான் காரில் கூட்டிப் போனேன். ஏழாம் நாற்காலியின் மெஷின் பழுது. மிஸ்ஸி கணினியில் அண்ணனை மூன்றாம் நாற்காலிக்கு மாற்றினார். ஊசி ஏற்றி மெஷின் ஓடத் தொடங்கியதும் நான் கவுண்டர் பக்கம் வந்தேன். என் மென்பொருள் திரையில் ஓடுவதைப் பார்க்கும் ஆசைதான், வேறென்ன.

வியாழன், ஏழாம் நாற்காலி. பெயர் இல்லை.

மூன்று தடவை பார்த்தேன். புதனிலும் அங்கிள் இல்லை, வியாழனிலும் இல்லை. காரிலிருந்து மடிக்கணினியை எடுத்து வந்து, நிலையத்தின் நடைவழியில் உட்கார்ந்து, எங்கள் சோதனைப் பிரதியில் அதையே செய்தேன். இருவர் நாளை மாற்றினேன். சரியாக இருந்தது. அதன்பிறகு கேட்டவரின் நாற்காலியை மாற்றினேன். கொடுத்தவர் காணாமல் போனார். மறுபடி செய்தேன், மறுபடி போனார். நாற்காலி மாறியதும் கொடுக்கல் வாங்கலே ரத்தாகிவிட்டது என்று மென்பொருள் முடிவு செய்து அங்கிளின் வியாழனை அழித்திருக்கிறது. கடைசி வாரப் பாடம் அதுதான். நாள் கேட்டவருக்கு இடம் கிடைத்ததா என்று மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். கொடுத்தவர் எங்கே என்று ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

புரோகிராம் தம்பிக்குப் போன் அடித்தேன். அவன் ஊருக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலையில் இருந்தான். "மிஸ்ஸி எதையாச்சும் தப்பா அமுக்கிருப்பாங்க அக்கா. பண்டிகை முடிஞ்சு பார்ப்போம் லா," என்றான். கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கு பாஸ் போட்டது நீங்கதானே," என்றும் சொன்னான். மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொன்னான். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். மிஸ்ஸி மேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் யோசனை ஒரு நிமிடம் எனக்கும் இனித்தது. மறைக்க மாட்டேன்.

பிறகு மேனேஜருக்கு அடித்து, பிழை இருக்கிறது, சரி என்று கையெழுத்துப் போட்டது நான்தான் என்றேன். அவர் நாள் மாற்றும் வசதியை உடனே நிறுத்தச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். என் தற்காலிகம் இன்னும் மூன்று மாதம் நீண்டது பிற்பாடு நடந்த கதை. எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவள், அதற்கு வந்த கடிதத்தில் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மிஸ்ஸி அங்கிளின் பெயரை வியாழன் தாளில் பேனாவால் எழுதினார். ஆனால் மென்பொருள் அதற்குள் அவருக்குத் தகவல் அனுப்பியிருந்தது. வியாழன் இடம் ரத்து, அடுத்த வருகை வெள்ளி என்று. "கடைசியா திங்கக்கிழமை செஞ்சாரு. வெள்ளி வரைக்கும் அவரு உடம்பு தாங்காது. நுரையீரல்ல தண்ணி ஏறிடும்," என்றார் மிஸ்ஸி. ஆறு தடவை போன் அடித்தோம். எடுக்கவில்லை.

அண்ணனுக்கு முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பண்டிகை விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் போகிறவர்களால் சிம்பாங் பூலாய் சந்திப்பு அடைத்துக் கிடந்தது. முன்னால் நின்ற கார்க்காரர் சன்னலை இறக்கி நிதானமாகக் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போன் ஏன் எடுக்கவில்லை, தனியாகக் கீழே விழுந்து கிடக்கிறாரா என்று மனம் அதையே சுற்றியது.

அங்கிள் வீட்டு இரும்புக் கதவைத் தட்டினேன். மூன்றாவது தட்டலுக்கு வந்தார். சுவரைப் பிடித்து, ரெண்டு அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி வந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்திருந்தாராம், போன் அடுக்களையில் கிடக்கிறதாம். தகவல் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பார்த்தேன். உங்க அண்ணனுக்கு ரெண்டு நாளும் வேணும் போல. தீபாவளிதானே. தாப்பா லா, பரவாயில்ல, நான் வெள்ளி போலாம்னு இருந்தேன்," என்றார்.

நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்று நினைத்திருக்கிறார். நினைத்து, ஒரு வார்த்தை கேட்காமல், மூச்சு முட்டப் படுத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் கேட்கவில்லை அங்கிள், தப்பு என்னுடையது என்று சொன்னேன். மென்பொருளை விளக்கப் பார்த்தேன். பாதியில் கையசைத்து, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை காயாமலே, புதுச் சேலையோடு போய் அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று எடை பார்த்த மிஸ்ஸி எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏழாம் மெஷின் இன்னும் சரியாகவில்லை என்பதால் அவரைப் பதினொன்றாம் நாற்காலிக்குக் கூட்டிப் போனார்.

அங்கிள் உட்காரவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி நின்றார்.

"இது யாரு இடம்? அவங்களுக்கு இன்னிக்கு இடம் இருக்கா?"

மிஸ்ஸி தாளைப் புரட்டி, இந்த நாற்காலிக்காரருக்கு மத்தியானத்துக்கு இடம் இருக்கு என்று காட்டினார். அதைக் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் அங்கிள் உட்கார்ந்தார்.