நர்சிங் சீட்டும் தாத்தாவின் இரண்டு பெயர்களும்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்பது எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மலையிலிருந்து வந்த யாராவது ஒரு கட்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, எந்த ஜன்னலில் நீட்டுவது என்று தெரியாமல் நின்றால் மட்டும் அந்தக் கோபம் இறங்கிவிடும். கையிலிருக்கும் வேலையைப் பக்கத்து சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு போய் நிற்பேன். "ஆரம்பிச்சுட்டா சமூக சேவை" என்று கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். நானும் அப்பாவும் அப்படி நின்றவர்கள்தான்.

கேரளத்தில் ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவள் நான். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு குடும்பம். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறு வீட்டிலும் தும்மல். நான் ஐந்தாவது படிக்கும்போது முதலாளி எஸ்டேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். சம்பள பாக்கி, கிராஜுவிட்டி எல்லாம் கோர்ட்டுக்குப் போனது. தொழிலாளர்களே ஆளுக்குக் கொஞ்சம் செடி என்று பிரித்துக்கொண்டு, கொழுந்து எடுத்து வெளியே விற்றார்கள். அம்மா கொழுந்து எடுப்பாள், அப்பா மூட்டையைச் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவருவார். அதில்தான் சாப்பாடு, அதில்தான் என் நோட்டுப் புத்தகம்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் வந்தது. ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் நர்சிங் சீட்டும் கிடைத்தது. கட்டணம் எழுதியிருந்த தாளை அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். எங்களைப் போன்ற பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணத்தை அரசே கட்டும், ஹாஸ்டல் செலவும் தரும். அதை நாங்கள் கிராண்ட் என்போம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பமென்றால், 1950க்கு முன்பே முன்னோர்கள் கேரளத்தில் இருந்தார்கள் என்று அத்தாட்சி காட்டினால்தான் சாதிச் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் கல்லூரி, வராவிட்டால் அம்மாவோடு செடிக்குப் போக வேண்டியதுதான். எங்களுக்கு இருந்தது மூன்று வாரம்.

எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் கடன் கேட்டு ஒரு பேங்குக்குப் போனோம். மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "கரம் அடச்ச ரசீது உண்டோ?" என்று கேட்டார். நிலவரி கட்டிய ரசீது. நாங்கள் இருந்த லயம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். எஸ்டேட் யாருக்குச் சொந்தம் என்பது கோர்ட்டுக்கே இன்னும் தெரியவில்லை. இதை அப்பா விளக்கி முடிப்பதற்குள் டோக்கனில் அடுத்த நம்பர் வந்துவிட்டது.

ஆக, எல்லாம் அந்தச் சான்றிதழில் வந்து நின்றது. எஸ்டேட் ஆபீஸில் முன்பு கிளார்க்காக இருந்தவர் சாவியை இன்னும் வைத்திருந்தார். அவருக்கும் பணம் வர வேண்டியிருந்தது. கரையான் தின்றது போக மிச்சமிருந்த பழைய செக்ரோல் புத்தகங்களை, அதாவது ஆள் வரவுப் பதிவேடுகளை, ஒரு பகல் முழுக்கத் தூசி தட்டிப் புரட்டினார். கடைசியில் 1950க்கு முந்தைய ஒரு பக்கத்தில் எங்கள் வீட்டு ஆள் கிடைத்தார். எங்கள் ஊர்ப் பெயர், எங்கள் லயத்து நம்பர், எல்லாம் சரி. பெயர் மட்டும் தாத்தாவின் பெயர் இல்லை. தாத்தாவுடைய அண்ணன் பெயர்.

எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. அந்தக் காலத்தில் செக்ரோலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் ஆள் கூட்டிவந்து வேலை வாங்கும் கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. தாத்தாவின் அண்ணன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மலையிறங்கிப் போய்விட்டார். கங்காணி ஒரு தலையை இழப்பாரா? கூடவே வந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த தம்பியை அதே பெயரில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை தாத்தா அண்ணன் பெயரில்தான் கொத்தினார், அண்ணன் பெயரில்தான் சம்பளம் வாங்கினார். ரேஷன் கார்டில் சொந்தப் பெயர். இது எஸ்டேட் பேரு, அது வீட்டுப் பேரு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். பிறகு அப்பா அந்த வேலைக்கு வந்தபோது, எஸ்டேட் புத்தகத்தில் அப்பாவுக்குத் தகப்பன் பெயர் பெரிய தாத்தா பெயராகிவிட்டது. அவருடைய பள்ளிச் சான்றிதழில் மட்டும் தாத்தா பெயர் சரியாக இருந்தது.

வில்லேஜ் ஆபீஸுக்கு வெளியே மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர் எங்கள் காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கு ஏன் மண்டைய ஒடைக்கிறீக? செத்துப்போன ரெண்டு பேருல யாரு ஒங்க அப்பான்னு யாருக்கு என்ன தெரியும்? புத்தகத்துல இருக்க பேரையே போட்டுத் தாரேன்" என்றார். எனக்கு அது தேவவாக்காகக் கேட்டது. பதினெட்டு வயதில் எனக்குச் சீட்டுதான் முக்கியம், தாத்தா யாராக இருந்தாலும் சரி. போட்டுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா நேராக உள்ளே போய், வில்லேஜ் ஆபீசரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அப்பாவை விட்டுவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து கத்தினேன். ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே, பிள்ளையைவிட உங்களுக்கு உண்மைதான் பெரிதா என்று கேட்டேன். அம்மா என்னை அடக்கப் பார்த்தாள். அப்பா அடுப்பங்கரையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அன்று பேசியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் வில்லேஜ் ஆபீசர் லயத்துக்கே வந்தார். ஜீப் வராத பாதையில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அட்டைக்கடியோடு ஏறி வந்த ஒரு மலையாளி அம்மா. எங்கள் வீட்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தெரிந்தவர்களைக் கூப்பிடச் சொன்னார். மேல் லயத்திலிருந்து ஒரு பெரியவர் தடியூன்றி வந்தார். தாத்தாவோடு ஒரே கூட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டியவர். தாத்தா அண்ணன் பெயரில் வேலை பார்த்தது நிஜம்தானா என்று ஆபீசர் கேட்டதற்கு அவர் கோபித்துக்கொண்டார்.

"என்னம்மா கேக்குறீக? எங்க ரெண்டு பேருக்கும் மீசை கூட மொளைக்கல, அப்பவே அவன் அண்ணன் பேருலதான் நிப்பான். கடைசில அவன் சொந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். அவன் பொண்டாட்டி ஒருத்திதான் அந்தப் பேர நெனப்புல வச்சிருந்தா."

ஆபீசர் அந்தப் பெயரை அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் மூன்று பக்கம் எழுதி, இன்னும் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். கடைசியாக அப்பாவிடம் பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"சேட்டா, இது எழுதிக் கழிஞ்ஞால் பின்னே மாற்றான் பற்றில்லா. எஸ்டேட் புஸ்தகத்தில் உள்ள ஆள் என்டெ அச்சனல்ல என்னாணு நிங்ஙள் சத்தியம் செய்யுன்னது. நாளெ கிராஜுவிட்டி வரும்போள் அவர் இது சோதிக்கும்."

எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது, புத்தகத்தில் இருப்பவர் என் அப்பா இல்லை என்று சத்தியம் செய்கிறீர்கள், நாளைக்குக் கிராஜுவிட்டி வரும்போது இதைச் சோதிப்பார்கள் என்று அவர் சொன்னது புரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை. அப்பாவின் கிராஜுவிட்டி முழுக்க, பெரிய தாத்தாவைத் தகப்பனாகக் காட்டிய அந்தப் பதிவில் இருந்தது. பதினெட்டு வருஷ வேலை. ரோட்டோரம் மூன்று சென்ட் நிலம் வாங்கி ஒரு வீடு கட்ட வேண்டும் என்று அம்மாவும் அவரும் அந்தப் பணத்தை நம்பித்தான் பேசிக்கொள்வார்கள். வேண்டாம் அப்பா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, மூன்று பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது சான்றிதழ் வந்தது. கிராண்ட் வந்து சேரும்வரை முன்பணம், யூனிபாரம், பாய் தலையணை என்று ஆயிரம் செலவு. லயத்துப் பெண்களின் அயல்கூட்டத்தில், வாராவாரம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த பணத்தில் எனக்குக் கடன் கொடுத்தார்கள். அந்த வாரம் கடன் வாங்க வேண்டிய முறை வேறொரு அக்காவுடையது. வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்க இருந்தவள். "மழை என்ன, வருசா வருசம் பேயுது. நீ போடி" என்று விட்டுக்கொடுத்தாள். அந்த ஆனி மழையில் அவள் வீட்டுக்குள் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்ததை அம்மா போனில் சொன்னபோது, ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

கிராண்ட் எப்போதும் தாமதமாகத்தான் வரும். ஆனால் வராமல் இருந்ததில்லை. மெஸ் பொறுப்பிலிருந்த டீச்சர் என் பெயருக்கு நேரே பாக்கிக்கு அடையாளமாகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, ஒருநாளும் என் தட்டைத் தடுத்ததில்லை. மூன்றாம் வருஷம் வேறொரு பேங்க் நிலவரி ரசீது கேட்காமல் சின்னதாக ஒரு கல்விக் கடன் தந்தது. வேலைக்கு வந்ததும் அதைக் கட்டி முடித்தேன். அக்காவின் வீட்டுக்குத் தகரமும் போட்டுக் கொடுத்தேன். நான் ஒருத்தி படிக்க எத்தனை பேர் கை கொடுத்தார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. என் சம்பளத்தைப் பார்த்து, கெட்டிக்காரி, தானாகவே மேலே வந்துவிட்டாள் என்று யாராவது பாராட்டினால் எனக்குச் சுள்ளென்று வரும்.

போன வருஷம் கோர்ட் உத்தரவுப்படி கிராஜுவிட்டிப் பட்டியல் வந்தது. ஃபேக்டரி வாசலில் வைத்துப் பெயர் படித்துக் காசோலை கொடுத்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அப்பாவின் பெயரைப் படிக்கவில்லை. விசாரித்ததற்கு, தகப்பன் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது, தனியாக வைத்திருக்கிறோம் என்றார்கள். எப்போது முடிவாகும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அப்பா காசோலை வாங்கிய ஒவ்வொருவரிடமும் போய்த் தொகையைக் கேட்டு, "பரவால்லய்யா, கெடச்சிருச்சே" என்று தோளில் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது சொல்லியே விட்டேன். "எனக்காகப் போட்ட கையெழுத்துதானப்பா இது. நானும் என் படிப்பும் சேர்ந்து நீங்க கட்ட நெனச்ச வீட்ட அழிச்சிட்டோம். மூணு சென்ட் நான் வாங்கித் தாரேன். லோன் போடுறேன்."

அப்பா நின்றார். மூச்சு வாங்கியது.

"வாங்கித் தா, வேண்டாங்கல. ஆனா ஒனக்காக மட்டும் போட்டேன்னு நெனச்சு மனசு கருகாத தாயி. எங்கப்பா நாப்பத்தஞ்சு வருசம் இந்தக் காட்ட வெட்டுனாரு. எஸ்டேட்டுப் புத்தகம் பூராத் தேடு, அவரு பேரு ஒரு எடத்துல இருக்காது. அந்த அம்மா எழுதுன மூணு பக்கத்துலதான், இன்னாரு இங்க வேலை பாத்தாருன்னு மொத மொத அவரு பேரச் சேத்து எழுதிருக்கு. அதுல கையெழுத்துப் போடாம இருக்க எனக்கு மனசு வரல."

சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். நான் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தேன். அதுவரை என் படிப்புக்கு அப்பா கொடுத்த விலை என்று ஒன்றை மனதில் சுமந்துகொண்டு, நன்றி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அன்றைக்கு அந்தப் பாரம் இறங்கிவிட்டது. நன்றி மட்டும் மிச்சமிருந்தது.