டிரெய்லர் டயருக்கு ஒரு சென்சார்

போன சனிக்கிழமை உடுமலை ரோட்டில் என் வீட்டுக்காரர் எட்டு வண்டிகளுக்கு வழி விட்டார்.

எட்டு என்பது அவர் சொன்ன கணக்கு. நான் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். ஓரம் கட்டி நின்ற ஜீப்பின் கண்ணாடியை யாரோ படபடவென்று தட்டியபோதுதான் விழிப்பு வந்தது.

வெளியே ஒரு பைக்காரர். பின்னால் அவர் மனைவி, மடியில் குழந்தை.

"ஏனுங்க, எவ்வளவு நேரமா ஹார்ன் அடிச்சுட்டே வாரேன்... காதுலயே உழுகலீங்களா? டிரெய்லர் டயர் கிழிஞ்சு தொங்குதுங்க. ஒரு தென்னங்கன்னு எம்முன்னாலயே வந்து உழுகுது. பிரேக்கைப் புடிச்சுப்போட்டேன், தப்பிச்சோம்!"

இறங்கிப் பார்த்தேன். டயர் என்று ஒன்று இல்லை. ரிம்தான் ரோட்டில் உரசிக்கொண்டு வந்திருக்கிறது. டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பொள்ளாச்சியில் வாங்கிய கன்றுகளில் பாதியைக் காணோம்.

"வழி கேக்கறாங்களாட்ட இருக்குதுன்னு நெனைச்சு எல்லாருக்கும் வழி உட்டனுங்க" என்றார் இவர். கை காட்டியவர்களுக்கெல்லாம் பதிலுக்குக் கையும் காட்டியிருக்கிறார். நம் ஊர் மரியாதை!

அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நாங்கள் இருப்பது பெரியநாயக்கன்பாளையம். இவர் முப்பது வருஷத்துக்கு மேல் பவர் பிரஸ் பட்டறை வைத்திருந்தார். தகட்டை வைத்து 'டம் டம்' என்று மோட்டாருக்கான ஸ்டாம்பிங் அடிக்கிற வேலை. அதை மூடிய பிறகு மனிதர் ஒரு மாதம் பித்துப் பிடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். உடுமலைப் பக்கம் இருக்கும் சின்னத் தோப்புதான் அவரை எழுப்பி நடக்க வைத்தது. சனிக்கிழமைதோறும் ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். உரம், பைப்பு, கன்று என்று ஏதாவது ஒன்று டிரெய்லரில் இருக்கும். முன்சீட்டில் நானும் இருப்பேன்.

பெங்களூரில் இருக்கும் மகன் விஷயத்தைக் கேட்டதும் ஒரே போடாகப் போட்டான். டயரில் காற்று இறங்கினால் எச்சரிக்கை செய்யும் சென்சார் மாட்ட வேண்டும். இல்லையென்றால் டிரெய்லரை விற்றுவிட வேண்டும்.

விற்பதா? இவர் முகத்தைப் பார்த்தேன். பட்டறையை மூடிய அன்றைக்கு இருந்த அதே முகம். எப்பாடு பட்டாவது ஒரு நல்ல சென்சாரை மாட்டிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆனால் ஒரு சென்சார் வாங்குவது இவ்வளவு பெரிய பாடு என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

மகன் லிங்க்காக அனுப்பித் தள்ளினான். இவர் பழைய பட்டறை நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டார். வால்வு மூடிக்குப் பதிலாக வெளியே திருகுகிற மாடலா, டயரைக் கழற்றி ரிம்முக்குள் மாட்டுகிற மாடலா? வெளியே இருந்தால் எவனாவது கழற்றிக்கொண்டு போய்விடுவான். உள்ளே இருந்தால் பேட்டரி தீர்ந்ததும் மறுபடி டயரைக் கழற்ற வேண்டும். ரப்பர் வால்வு அந்த எடையைத் தாங்குமா, இல்லை மெட்டல் வால்வாக மாற்ற வேண்டுமா? டிரெய்லர் கடைசியில் இருப்பதால் சிக்னல் முன்சீட்டு வரைக்கும் வருமா? வராதென்றால் நடுவில் சிக்னலை வாங்கித் தள்ளிவிட ஒரு சின்னப் பெட்டி வேண்டுமாம். காற்றை எத்தனை பாயிண்ட் என்று செட் செய்வது? அதையும் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பார்த்துச் செய்ய வேண்டுமாம்...

ஒரு வாரம் இதே பேச்சு. சாம்பார் ஊற்றும்போதும் வால்வு. எனக்கு அலுத்துவிட்டது.

அலுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் எதையாவது கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை. தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். "உள்ள மாட்டறதா, வெளிய மாட்டறதா?" என்று கேட்டாலும் ஒரு தலையாட்டல். இரண்டு வருஷமாகவே இப்படித்தான். பெண்டாட்டி பேச்சை மதிக்காத வியாதி என்று நானே பெயரும் வைத்திருந்தேன். இதே பக்கத்தில் அவரை எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன்!

நேற்று காந்திபுரத்தில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். மேஜை மேல் ஒரு டெமோ டயர் வைத்திருந்தார். சென்சாரைத் திருகினார். கையடக்கமான டிஸ்ப்ளே ஒன்றில் நம்பர் வந்தது.

"இப்பக் காத்தை எறக்கறேன் பாருங்கண்ணா" என்றார்.

இறக்கினார். டிஸ்ப்ளே 'பீப் பீப் பீப்' என்று கத்தியது பாருங்கள்... கூரிய சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டேன். வாசலில் நின்றிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார்.

இவர் குனிந்து, டிஸ்ப்ளேயையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"ஏந்தம்பி, சவுண்டு ஏதாச்சும் வருமுங்களா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரைப் பார்த்தேன். பீப் அடித்துக்கொண்டே இருந்தது.

"வருதுங்கண்ணா... கொஞ்சம் சன்னமான சவுண்டுங்க. எல்லாருத்துக்கும் கேக்காதுங்க" என்றார் அந்த மனிதர். என்ன ஒரு நாசூக்கு! அவசரமாக அடுத்த மாடலை எடுத்தார். அதுவும் அலறியது. இவர் காத்திருந்தார். மூன்றாவது மாடலில் சத்தத்தோடு பெரிய சிவப்பு விளக்கும் மின்னியது. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு ஏதோ புரிந்தது போல. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி... சத்தம் வந்துச்சா?"

"ம்" என்று தலையாட்டினேன்.

"மூணுலயுமா?"

மறுபடியும் தலையைத்தான் ஆட்டினேன்.

கடைக்காரர் கல்லாவில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் நானே ஆரம்பித்தேன், அவர் முகத்துக்கு நேராக, சத்தமாக. "எவ்வளவு நாளாங்க இப்படி?"

"அது ஆச்சு ரெண்டு வருசம். பிரஸ் ஓட்டுன காது. மொதல்ல சன்னச் சத்தமெல்லாம் போச்சு. இப்ப ஹார்னும் சரியா உழுகறதில்ல."

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீயும் பையனுமா வண்டிச் சாவியை வாங்கிப்போடுவீங்கல்லொ?"

அழுதுவிட்டேன். அவரை நினைத்து மட்டுமல்ல, என்னை நினைத்தும்தான். ரெண்டு வருஷம்! காது கேட்காத மனிதரை 'என் பேச்சைக் கேட்பதில்லை' என்று ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். டிவி சத்தம் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது எனக்குத் தெரியாதா? தெரியும். ஏன் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா?

வீட்டுக்கு வந்து மகனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அவன் சொன்னான், "எனக்கும் டவுட் இருந்துச்சுமா. போன்ல எதைக் கேட்டாலும் 'செரி செரி'ன்னே சொல்லுவாரு. அப்பாகிட்டப் போய் எப்படிச் சொல்றதுன்னு உட்டுட்டேன்."

ஆக, அவனுக்கும் தெரியும். பட்டறையில் கடைசி வரை கூட இருந்த மேஸ்திரிக்கும் தெரிந்திருக்கிறது. "ஐயாகிட்டக் கொஞ்சம் சத்தமாப் பேசோணுமுங்க" என்று ஒருநாள் அவர் என்னிடமே சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற ஊர் நம்முடையது. மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டோம். சொல்ல வேண்டிய விஷயத்தை மட்டும் சொல்ல மாட்டோம். முன்பின் தெரியாத ஒரு பைக்காரர்தான் கண்ணாடியைத் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அவர் குழந்தை ரோட்டில் விழப் பார்த்தது.

சிவப்பு விளக்கு மின்னும் அந்த மூன்றாவது மாடலைத்தான் வாங்கியிருக்கிறோம். வெளியே திருகுவது, மெட்டல் வால்வு, நடுவில் சிக்னல் பெட்டி. எல்லாம் நோட்டில் எழுதியபடி. டிஸ்ப்ளே என் சீட்டுக்கு முன்னால் இருக்கும். இனி நான் தூங்க முடியாது. ஆனால் காது டாக்டரைப் பார்த்து, அவர் சரி என்று சொல்லும்வரை டிரெய்லர் ஷெட்டை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஜீப் சாவி என்னிடம்தான் இருக்கிறது. கேட்டதும் மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டினார். அதை வாங்கும்போதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இன்று காலை அடுப்படியிலிருந்து, "டாக்டர்கிட்டச் செவ்வாக்கெழமை போலாமுங்களா?" என்று கேட்டேன். வழக்கமான தலையாட்டலை எதிர்பார்த்தேன். எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சொன்னே? இன்னொருக்காச் சொல்லு."

எத்தனை வருஷமாயிற்று அவர் இப்படிக் கேட்டு! சந்தோஷமாகச் சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

நாலாவது தடவை... கோபம் கொஞ்சம் வரத்தான் செய்தது!