பலராமன் வீட்டுச் சாவிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோகிலாம்பாள் அக்காவின் கடையை ஊரே சேர்ந்து சூறையாடிய அன்று, நானும் ஒரு டிபன் கேரியரும் ஆறு சோப்பும் எடுத்தேன். அப்படிப்பட்டவன் பலராமன் அண்ணனைப் பற்றி எழுத வந்துவிட்டானா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்தக் கடை எப்படித் திறந்தது என்று கூட இருந்து பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் வேறு யாரும் எழுத முடியாது.

பாகூருக்குத் தெற்கே பெண்ணையாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. பலராமனுக்கு அங்கே இரண்டு காணி கரும்பு, ஒரு காணி நெல். அறுபத்திரண்டு வயது. அதிகம் பேச மாட்டார், பேசினால் கத்துவார். ஆனாலும் ஊரில் எவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனாலும் சாவி அவர் வீட்டில்தான் இருக்கும். திருப்பதிக்குப் போகிறவர்கள், ஜிப்மர் ஆஸ்பத்திரியில் ஆள் சேர்த்திருப்பவர்கள், பிள்ளையோடு திருப்பூருக்கே போய்விட்டவர்கள், எல்லோருடைய சாவியும் வாசல் நடைச் சுவரில் வரிசையாக ஆணியில் தொங்கும். எது யாருடையது என்று தெரிய, அவர் மனைவி தையலம்மாள் ஒவ்வொன்றிலும் ஒரு கலர் துணி கட்டி வைத்திருப்பார். என் வீட்டுச் சாவிக்குப் பச்சை. என் மனைவி பிரசவத்துக்குப் போனபோது கொடுத்த இரண்டாவது சாவி, திரும்ப வாங்கத் தோன்றவே இல்லை. போலீஸ் ஸ்டேஷனை நம்பாதவன்கூட அந்தச் சுவரை நம்புவான். பலராமனுக்கும் அதில் பெருமை உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தச் சுவர் கண்ணில் படும்படிதான் நாற்காலி போடுவார்.

அந்தக் கார்த்திகையில் புயல் வருகிறது என்றதும் கோகிலாம்பாள் அக்கா வில்லியனூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது கடைச் சாவியைக் கொடுத்து, "பாத்துக்குங்கண்ணா" என்று ஒரே வார்த்தை சொன்னார். மளிகை, பாத்திரம், பிளாஸ்டிக் சாமான் எல்லாம் வைத்த பெரிய கடை. அவர் வீட்டுக்காரர் இறந்த பிறகு தனியாளாக நடத்தினார்.

புயல் போய் இரண்டு நாள் கழித்து ஆறு உள்ளே வந்தது. ஜனமெல்லாம் பள்ளிக்கூட மாடியில் ஏறிவிட்டது. மறுநாள் மதியம் வரை ஒரு படகும் வரவில்லை. கைக்குழந்தைகளுக்குக் கத்திக் கத்திக் குரல் கட்டிப்போனது. பலராமன் என்னைப் பார்த்தார்.

"சுரேசு, வாடா. ஒரு மூட்டை அரிசி, ரெண்டு டப்பா பால் பவுடர். அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

இடுப்பளவுத் தண்ணீரில் போனோம். குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவித்தான் பூட்டைத் திறந்தார். ஷட்டரைத் தூக்கி, மேல் தட்டிலிருந்து அரிசியை நான் தோளில் ஏற்றினேன், பால் பவுடரை அவர் எடுத்தார். திரும்பினால் வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். பூட்டைத் திறந்ததை அவர்கள் பார்க்கவில்லை, யாரோ முன்பே உடைத்த கடைக்குள் நாங்களும் நுழைந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"இன்னொரு மூட்டை எடுத்தா இன்னாண்ணா, எப்படியும் நனைஞ்சிதான போவுது" என்றான் ஒருத்தன். அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்தவன் எண்ணெய் எடுத்தான். அதுவும் நியாயம்தான். அப்புறம் சீயக்காய், துடைப்பம், பிரஷர் குக்கர், காஸ் அடுப்பு. ஐம்பது பேர், நூறு பேர். சிரித்துக்கொண்டே எடுத்தார்கள், கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. "டேய், போதும்டா! பாவிங்களா, போதும்டா!" என்று பலராமன் தொண்டை கிழியக் கத்தினார். பால் பவுடர் டப்பாவோடு அவர் நிற்பதைப் பார்த்த ஒருத்தி, "நீ மட்டும் எடுத்தாச்சில்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியில் அக்கா உட்காரும் நாற்காலியும் தராசும்கூடப் போயின. அரிசியை மாடியில் இறக்கிவிட்டு நான் திரும்பி வந்தபோது டிபன் கேரியர் அடுக்கில் ஒன்றுதான் பாக்கி இருந்தது. எடுத்தேன்.

ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள் என்று எட்டாம் வகுப்பில் படித்தேன். நகரங்களைச் சூறையாடியவர்கள் என்றாலே வாளும் குதிரையுமாக, நம்மைப்போல் இல்லாத யாரோ என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரனிடம் "அந்தப் பெரிய குண்டானை எட்டி எடுடா" என்று உதவி கேட்பார்கள் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. பலராமன் என்னை மறுபடியும் கூப்பிட்டார். காலிக் கடையின் ஷட்டரை இறக்கி, பூட்டைப் பூட்டினார். பக்கத்தில் டிராக்டர் மெக்கானிக் கலைவேந்தனின் பட்டறை வெள்ளத்தில் திறந்து கிடந்தது. அங்கிருந்து கடப்பாரை ஒன்றை எடுத்து வந்து, அந்தப் பூட்டை நெம்பி உடைத்தார்.

"இன்னாண்ணா பண்றே?"

"சாவி போட்டுத் தொறந்தது தெரிஞ்சா இனிமே எவன்டா என்கிட்ட சாவி குடுப்பான்?" என்றார்.  கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தார். நானும் அவர் பின்னால் நடந்தேன். அந்தக் கடப்பாரையில் மஞ்சள் பெயிண்டில் 'கலை' என்று எழுதியிருந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

கோகிலாம்பாள் அக்கா வந்தார். ஒப்பாரி வைப்பார் என்று பயந்தோம். அவரோ சேறு படிந்த படியில் உட்கார்ந்து, உடைந்த பூட்டையும் கடப்பாரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது யாருது?" என்றார். ஒரே சமயத்தில் இருபது வாய் கலைவேந்தன் பேரைச் சொன்னது. திருடன் ஒருத்தன் கிடைத்துவிட்டதில் எல்லோருக்கும் அவ்வளவு நிம்மதி. வெள்ளத்தன்று முழுக்க அவன் கிழடுகளை முதுகில் சுமந்து மாடி ஏற்றிக்கொண்டிருந்ததை அதே இருபது பேரும் பார்த்தவர்கள்தான்.

போலீசுக்குப் போகும் முன் ஊர் கூடி ஒரு முடிவு செய்தது. முன்பெல்லாம் நகை தொலைந்தால் வீட்டுக்கு ஒரு சாணி உருண்டை கொண்டுவந்து அண்டாத் தண்ணீரில் போடுவார்கள். எடுத்தவன் உருண்டைக்குள் நகையைப் பொதிந்துவிடுவான். யார் என்று யாருக்கும் தெரியாது, மானமும் போகாது. குக்கரைச் சாணியில் பொதிய முடியாது என்பதால் இந்த முறை சாக்கு. வீட்டுக்கு ஒரு யூரியா சாக்கு, வாயைக் கட்டிக் கோயில் வாசலில் வைக்க வேண்டும். எடுத்தவன் எடுத்ததை வைக்கலாம், எடுக்காதவன் வைக்கோலை அடைத்து வைக்கலாம். யாரும் யாரையும் கேட்கக்கூடாது.

மதியம் மூன்று மணிக்கு எண்பத்து நான்கு சாக்குகள் சேர்ந்தன. அக்கா கையாலேயே பிரித்தார். குக்கர், தராசு, வாளி, என் டிபன் கேரியர். சோப்பை வீட்டில் எல்லோருமாகச் சேற்றைக் கழுவித் தீர்த்துவிட்டிருந்தோம். எல்லாவற்றையும் பிரித்து முடித்தபோது வைக்கோல் இருந்தது இரண்டே சாக்கில்தான். கூட்டத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை.

"ஒண்ணு யாருதுன்னு சொல்லவே வேணாம்" என்று பெரியவர் ஒருவர் பலராமனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இன்னொண்ணு என்னுது" என்று கலைவேந்தன் எழுந்தான்.

கூட்டம் சிரித்தது. "பூட்ட ஒடச்சவன் வைக்கோலக் கட்டிக்கினு வந்துட்டான்டா!" அவன் மனைவி தேவி கைக்குழந்தையோடு தலைகுனிந்து நின்றாள். அந்தக் குழந்தையும் அன்று மாடியில் அந்தப் பால் பவுடரைக் குடித்ததுதான். "சூடம் ஏத்தி அடிச்சி சத்தியம் பண்றேன்" என்று அவன் சொன்னான். உதடு கோணிக்கொண்டது. யாரும் கேட்பதாக இல்லை.

கோகிலாம்பாள் அக்கா இடுப்பிலிருந்து ஒரு புதுச் சாவியை எடுத்தார். "இந்த ஊர்ல ஒரு கையிலதான் இதக் குடுக்க முடியும். புடிங்கண்ணா."

பலராமன் கையை நீட்டவில்லை. எழுந்து விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது துண்டில் ஒரு மூட்டை. கோயில் வாசலில் அவிழ்த்துக் கொட்டினார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று துணி கட்டிய சாவிகள்.

"அவங்கவங்க சாவிய எடுத்துக்குங்க. கடைய அக்கா குடுத்துட்டுப் போன சாவியால நான்தான் தொறந்தேன். எம் பேரு போயிடும்னு மறுநாள் நான்தான் பூட்ட ஒடச்சேன். அந்தப் புள்ளைய உட்டுடுங்க."

"கூட யாரு இருந்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"யாருமில்ல. நான் ஒருத்தன்தான்."

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எழுந்து இரண்டு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எழவில்லை. கேவலமான பிறவி என்று அப்போதே என்னைத் திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா மெதுவாகக் கேட்டார். "கொழந்தைங்களுக்குப் பால் பவுடர் எடுத்தேன்னு சொல்லியிருந்தா, நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? பூட்ட ஏங்கண்ணா ஒடச்சீங்க?"

பலராமன் அழுததை ஊர் அன்றுதான் பார்த்தது. கலைவேந்தன் போய் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

ஒவ்வொருவராக வந்து சாவியைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள், ஊரில் இல்லாதவர்களின் சாவியை அவர்கள் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அக்காவும் தன் பழைய சாவியைப் பொறுக்கி, புதுச் சாவியோடு இடுப்பில் செருகிக்கொண்டார். எல்லோரும் போன பிறகு தரையில் ஒன்றுதான் கிடந்தது. தையலம்மாள் குனிந்து அதை எடுத்துப்போய் மறுபடியும் ஆணியில் மாட்டினார். இப்போது அந்தச் சுவரில் தொங்குவது அந்த ஒரு சாவிதான், பச்சைத் துணி கட்டியது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வழியில் பார்த்தால் பலராமன், "வந்து எடுத்துக்கினு போடா" என்கிறார். அந்த வீட்டுக்குள் போனால் சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்காரச் சொல்வாரே என்றுதான் நான் இன்னும் போகவில்லை.