இரண்டாவது குழாய்

போன வருடம் ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாட்களில் இது தொடங்கியது. என் வீடு அரியலூரில். வேலை பெரம்பலூரில், ஒரு வாடகை வீட்டு மாடியில் இருந்த ஆய்வு அலுவலகத்தில். வரும் விவரங்களைக் கணினியில் ஏற்றுவேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

இரண்டு மாவட்டத்து ஊர்களிலும் ஆயிரக்கணக்கானவர்களிடம் ரத்தம் எடுத்து, மனிதர்களுக்கு எப்படி வயதாகிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வு. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உள்ள மரபணு இழைகளின் நுனியில் டெலோமியர் என்று ஒரு காப்பு உண்டாம். செல் பிரியப் பிரிய அது குறைந்துகொண்டே வருமாம். என் மனைவி வீட்டில் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுபவள். முந்தானை நூல் பிரியாமல் இருக்க அவள் போடும் முடிச்சுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த முடிச்சு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கிறார்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊர்களுக்குப் போவதற்கு முன் ஒத்திகையாக எங்களிடமே ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் பக்கத்துக் குன்னம் ஊர்ப் பெண். வாய்த்துடுக்கு அதிகம். "சார் ரத்தம் சார் மாதிரியேதான் இருக்கு. நாலு தடவ கூப்புட்டாதான் வருது" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஒரு குழாய் நிறைந்ததும் இன்னொன்றைச் செருகினாள்.

"எதுக்கும்மா ரெண்டு?"

"லேப் மேடம் எடுக்கச் சொன்னாங்க. குடுங்க சார், கொறஞ்சா போயிடுவீங்க?"

கைவசம் இருக்கட்டும் என்று எடுப்பார்கள் போல என நினைத்து அதை மறந்துவிட்டேன். முதல் குழாயில் ஒட்டிய எண்ணை மட்டும் மறக்க முடியவில்லை. அதன் கடைசி இரண்டு இலக்கம் பத்தொன்பது. என் மகளின் வயது.

அவளுக்கு வயதுதான் பத்தொன்பது. மனதுக்கு ஐந்தைத் தாண்டவில்லை. குளிக்க, சாப்பிட, தலை பின்ன, எல்லாவற்றுக்கும் அவளுக்கு அம்மாவோ நானோ வேண்டும். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி. மண்ணைத் தோண்டினால் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் கிடைக்கும். அவற்றைச் சுவரோரம் வரிசையாக அடுக்குவதுதான் அவள் விளையாட்டு. நேற்று முதலில் இருந்தது இன்று கடைசியில் இருக்கும். ஏன் என்று கேட்டால் சிரிப்பாள். சில நேரம் ஒரு கல்லைக் காதில் வைத்து, "அப்பா, கடலு பேசுது" என்பாள். உள்ளே துளிகூட இடமில்லாத கெட்டிக் கல் அது.

எங்களுக்குப் பிறகு இவளுக்கு யார்? இந்தக் கேள்வியோடுதான் பல வருடங்களாகப் படுத்து எழுந்திருக்கிறேன்.

புரட்டாசியில் சோதனைக்கூடத்திலிருந்து பட்டியல் வந்தது. பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும். தன்னுடையதை யாரும் தேடிப் பார்க்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் நான் பார்த்தேன். நீளமானது மேலே, குட்டையானது கீழே வருமாறு ஒரே சொடுக்கில் அடுக்கினேன். கீழே, இன்னும் கீழே என்று போய்க்கொண்டே இருந்தேன். கடைசிக்கு முந்தைய வரியில் பத்தொன்பதில் முடியும் அந்த எண் இருந்தது. என் முடிச்சு தீரப்போகிறது, எனக்கு அதிக நாள் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைப் புழுதி படிந்த மரங்களும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் மக்காச்சோளக் கொல்லைகளும் ஆழ்ந்த தண்ணீருக்குள் அசைவதுபோல மெதுவாக நகர்ந்தன. கண் சொருகியது. பழைய கடல் திரும்பி வந்துவிட்டது. அடியில் என் மகள் கல் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் மட்டும் ஒரு குமிழியைப் போல மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறேன். கூப்பிட வாய் திறந்தால் சத்தம் வரவில்லை. கண்டக்டர் தோளைத் தட்டி, "சார், அரியலூரு வந்துடுச்சு, எறங்குங்க" என்றார். இறங்கினேன். ஆனால் அதன் பிறகு இரண்டு மாதம் அந்தத் தண்ணீருக்குள்ளேயேதான் நடந்தேன்.

யாரிடமும் சொல்லாமல் திருச்சிப் பக்கம் மகளைப் போன்ற பெண்களுக்கான விடுதி ஒன்றைப் பார்த்து வந்தேன். நல்ல இடம்தான். கையெழுத்துப் போட்டேன். ஒரு திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. வீட்டில் சொன்னபோது மனைவி கையிலிருந்த சேலையைக் கீழே போட்டாள்.

"இப்ப என்னாங்க அவசரம்? நாம என்ன செத்தா போயிட்டோம்?"

நான் குனிந்து சேலையை எடுத்துக் கொடுத்தேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், நான் விடாமல் பிடிவாதம் பிடித்ததில், அழுதுகொண்டே மகளின் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள்.

அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சோதனைக்கூடத்து மேடம் அலுவலகத்துக்கு வந்தார். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "சார், அந்த ஜோடிங்கள எடுங்க. ஒரே ஆளுகிட்ட ரெண்டு டியூப் எடுத்து வேற வேற நம்பர் போட்டு அனுப்பினோம்ல, அது" என்றார். அவர் கொண்டுவந்த குறிப்பைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பத்தொன்பதில் முடியும் எண்ணுக்கு எதிரே இன்னொரு எண் இருந்தது. பட்டியலில் தேடினேன். அது பாதிக்கு மேலே, நீளமானவற்றின் நடுவே இருந்தது.

"இது ரெண்டும் ஒரே ஆளா மேடம்?"

"ஒரே ஆளு, ஒரே நேரம். நம்ம அளவு எவ்வளவு ஆடுதுன்னு பாக்கத்தான் இப்படிப் பண்றது. இந்தத் தடவ அளந்தது ரொம்ப ஆடியிருக்கு, திரும்ப அளக்கணும்."

"அப்ப எது நெஜம்?"

"தனியா பாத்தா ரெண்டையும் நம்ப முடியாது சார். ஆயிரக்கணக்கான பேர சேத்து வச்சாதான் ஏதோ தெரியும். நல்லா அளந்தாக்கூட ஒருத்தரோட ஆயுச இதுல படிக்க முடியாது."

நான் அந்த இரண்டு எண்களையே மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "உங்க நம்பரா?" என்றார். தலையாட்டினேன். "பாக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டீங்களே சார்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அப்படி மெதுவாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

விடுதிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு கம்ப்யூட்டரு சொன்னுச்சுன்னு எம் புள்ளய கொண்டுபோயி வுடப் பாத்தீங்களே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா?" என்றாள். பிறகு எழுந்துபோய்ப் பையைப் பிரித்தாள்.

மேலே மகளின் துணிகள். அடியில் மனைவி வைக்காத பொருட்கள் இருந்தன. என் குளியல் துண்டு, என் மூக்குக் கண்ணாடிக் கூடு, மனைவி நூல் வெட்டும் கத்தரிக்கோல், சிப்பிக் கற்கள் கொஞ்சம். ஊருக்குப் போவது மூன்று பேரும்தான் என்று மகள் நினைத்திருக்கிறாள்.

எங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை இப்போது நாங்கள் இருவருமாக உட்கார்ந்து, அவள் கல் அடுக்குவதைப் பார்த்தபடியே பேசுகிறோம். ஆனால் அந்தப் பையை எங்காவது பார்க்கும்போதெல்லாம், ஒரு வரியை நம்பி நான் எவ்வளவு தூரம் போய்விட்டேன் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.